மூன்று சில்லும் வதனி அக்காவின் நிபந்தனையும்

போன மாதம் எனக்குப் பிரியாவிடை வைத்தார்கள். கராஜின் நடுவில் மேசை போட்டு, ரோல்ஸும் பற்றிஸும் கேக்கும் அடுக்கிவிட்டு, "அங்கிள், ஏதாவது பேசுங்கோ" என்றார்கள். வாடிக்கையாளரோடு வாய் ஓயாமல் சண்டை பிடிக்கிற எனக்கு அன்றைக்கு நாக்கு எழும்பவில்லை. "எல்லாருக்கும் நன்றி, ரோல்ஸ் ஆறுது" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டேன்.

பிறகு, புதிதாக வேலைக்குச் சேர்ந்த தர்ஷினி சுவரில் தொங்கும் படத்தைக் காட்டி, "அங்கிள், இது என்ன ஆட்டோவா? மேல்கூரை எங்க?" என்று கேட்டாள். மூன்று சில்லு என்றால் எங்கள் ஆட்களுக்கு ஆட்டோவைத் தவிர வேறொன்றும் ஞாபகம் வராது. அவள் லண்டனில் பிறந்தவள். அவளுக்குமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அது ரோல்ஸ் முடிவதற்குள் சொல்லக்கூடிய கதையில்லை. அதனால்தான் வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது எங்கள் கராஜுக்கு வருபவற்றில் பாதி பற்றறியில் ஓடுபவை. எனக்கு அதில் ஒரு மனத்தாங்கலும் இல்லை. நகக்கண்ணில் எண்ணெய் இல்லாமல் கலியாண வீட்டுக்குப் போகலாம் என்றால் யாருக்குக் கசக்கும்? அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. ஒரு மூடியைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

லண்டனுக்கு வந்த புதிதில் எல்லாரையும் போல நானும் பெற்றோல் ஸ்டேஷனில் நின்றேன். பிறகு மாலை வகுப்பு, ஒரு சான்றிதழ், இரண்டு மூன்று கராஜ்களில் எடுபிடி வேலை. அந்த வருடங்களில் நினைவில் நிற்பது குளிர் மட்டும்தான். தோர்ண்டன் ஹீத்தில், ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த குலம் அண்ணையின் மோட்டார் சைக்கிள் கராஜில் சேர்ந்த பிறகுதான் வேலை என்று ஒன்று தொடங்கியது.

குலம் அண்ணை ஜெர்மனியிலிருந்து வந்தவர். அங்கே ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறையில் பல வருடம் வேலை செய்துவிட்டு, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று குடும்பத்தோடு மோர்டனுக்கு வந்து குடியேறினார். மெலிந்த உடம்பு. இடது காலைச் சற்றே இழுத்து நடப்பார். கோபம் வந்தால் ஏசமாட்டார்; ஜெர்மன் மொழியில் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குவார். பத்து வந்த பிறகும் எண்ணிக்கொண்டு போனால் நாங்கள் தேத்தண்ணீர் போடும் சாட்டில் உள்ளே போய்விடுவோம்.

அவரிடம் இரண்டு பழக்கம் இருந்தது. என்ன பழுதோடு வண்டி வந்தாலும், கருவியைத் தொடுவதற்கு முன்னால் உரிமையாளரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். நான் சேர்ந்த அன்றே அதைப் பார்த்தேன். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் ஒருவர் ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். என் சான்றிதழின் பெருமையைக் காட்டவேண்டும் என்று நான் உடனே பிளக்கைக் கழற்றப் போனேன்.

"தம்பி, கையை எடும்" என்றார் அண்ணை. பிறகு அந்த ஆளைப் பார்த்து, "இதில் கடைசியாக மாறியது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஒன்றும் மாறவில்லை என்றார் அவர். அண்ணை அசையாமல் நின்றார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, குளிருக்கு ஹாண்டிலில் இந்தப் பெரிய கையுறையை மாட்டினேன், அவ்வளவுதான் என்றார் அவர். அண்ணை கையுறைக்குள் கையை விட்டார். அதன் மடிப்பு இஞ்சினை நிறுத்தும் சுவிச்சை அழுத்திக்கொண்டிருந்தது. ஒரு நிமிட வேலை. நான் பிளக் ஸ்பானரைப் பையில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தேன்.

மற்றப் பழக்கம், வெள்ளைத் துவாய். பழுதான சாமானைக் கழற்றினால் அதைக் கழுவித் துடைத்து, ஒரு வெள்ளைத் துவாயில் வைத்து உரிமையாளருக்குக் காட்டியாக வேண்டும். தேய்ந்த பெயாரிங்காக இருந்தாலும் சரி, கிழிந்த ஒரு ரப்பர் வளையமாக இருந்தாலும் சரி. "கண்ணால காணாததை ஆரும் நம்பத் தேவையில்லை" என்பார். அந்தத் துவாயைத் தோய்ப்பது வதனி அக்கா. அண்ணையின் மனைவி. ஒரு ஆஸ்பத்திரி வார்டில் நோயாளரைப் பராமரிக்கும் வேலை செய்தார். தனக்கு ஷிப்ட் இல்லாத நாட்களில் சாப்பாட்டுக் கரியரும் தோய்த்த துவாயுமாக மோர்டனிலிருந்து பஸ் ஏறி வருவார். நான் அப்போது தனிக்கட்டை. அந்தக் கரியரில் மூன்றாவது தட்டு எனக்கானது. அவர் வைத்த மீன்குழம்பைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை முடியாது.

இனி படத்தில் இருக்கும் வண்டிக்கு வருகிறேன்.

கென்ட் பக்கம் ஒரு பண்ணைக்காரர் தன் வயலில் ஓட்டும் மோட்டார் சைக்கிளைத் திருத்த எங்களைக் கூப்பிட்டிருந்தார். கொட்டிலின் மூலையில் கோழிகள் ஏறி இருந்த ஒரு குவியலை அண்ணை கண்டார். கோழிகளைக் கலைத்தார். வைக்கோலைத் தள்ளினார். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு இரண்டு என்று பலூன் போல ஊதிய மூன்று சில்லு. நடுவில் ஒரு இஞ்சினும் இருக்கையும். மணலிலும் வயலிலும் ஓடுவதற்கென்று ஜப்பான்காரர் ஒரு காலத்தில் செய்தது. ஆட்கள் விழுந்து முறிந்ததால் பிறகு செய்வதையே நிறுத்திவிட்டார்கள். அண்ணை அதன் பெற்றோல் டாங்கியில் கையை வைத்தார்.

"இதேதான், தம்பி" என்றார்.

"எது, அண்ணை?"

"என்ரை காலை முறிச்சது."

ஜெர்மனியில் அவரோடு வேலை செய்தவர்கள் ஞாயிறுகளில் ஒரு பழைய மணல் குழியில் இந்த வண்டிகளை ஓட்டிப் பந்தயம் வைப்பார்களாம். இந்த வண்டியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பின்சில்லு இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பூட்டியவை. கார் போல ஒன்று மெதுவாக, மற்றது வேகமாகச் சுற்றாது. அதனால் திருப்பத்தில் உடம்பின் பாரத்தை வெளிப்பக்கத்துக் கால்மிதியில் போட்டு, உள்பக்கச் சில்லை லேசாக்கி வழுக்கவிட வேண்டும். மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகிய எவனும் சரியும்போது தன்னை அறியாமல் காலை ஊன்றுவான். ஊன்றினால் பின்சில்லு குதிக்காலைப் பிடித்து, ஆளையே தனக்கடியில் இழுத்துவிடும். அண்ணை ஊன்றினார். ஒரு பந்தயத்தின் கடைசிச் சுற்றில். மாதக்கணக்கில் படுத்த படுக்கை. வதனி அக்காதான் அவரைத் தூக்கி, இருத்தி, நடக்கப் பழக்கினார்.

"அண்டைக்கு அந்த ஓட்டத்தை முடிக்கேல்லை" என்றார் அண்ணை. கென்ட் பக்கம் அறுவடை முடிந்ததும் இப்படிப் பழைய வண்டிகளுக்கு ஒரு பந்தயம் நடக்கும்; அதில் ஓடி முடிக்கவேண்டும் என்று அங்கேயே முடிவெடுத்துவிட்டார். பண்ணைக்காரர் கொட்டில் ஒழிந்தால் போதும் என்று அதைத் தூக்கித் தந்துவிட்டார்.

கோழி எச்சத்தைச் சுரண்டவே ஏழு நாள், ஒரு முழுக் கிழமை போனது. இஞ்சின் இறுகிப்போய்க் கிடந்தது. அவசரப்பட்டு அடித்தால் உள்ளே உடையும். அண்ணை பிளக் ஓட்டை வழியாக எண்ணெய் ஊற்றி மூடிவைத்தார். தினமும் காலையில் கோட்டைக் கழற்றியதும் முதல் வேலையாக ஸ்பானரைப் போட்டு ஒரு சிறு அழுத்தம் கொடுத்துப் பார்ப்பார். அசையாது. "சரி, நாளைக்குப் பாப்பம்" என்று விட்டுவிட்டுப் போவார். நோயாளியின் தலையைத் தொட்டுப் பார்ப்பது போல இருக்கும். ஒரு நாள் அது மயிரிழை அசைந்தது. அண்ணை என்னைக் கூப்பிட்டு, "நீர் ஒருக்கா அழுத்தும்" என்றார். அந்த மயிரிழையை என் கையிலும் உணர வைக்கவேண்டும் என்பது அவர் ஆசை. அன்றைக்கு இருவரும் வேலை நேரத்தில் கடைக்குப் போய் வடை சாப்பிட்டோம். கராஜ் வரலாற்றில் அது ஒருமுறைதான் நடந்தது.

சிலிண்டரைக் கடைந்தோம். புதுப் பிஸ்டன், புது வளையங்கள். பின்னச்சின் பெயாரிங்குகளைச் சூடாக்கி இறக்கினோம். கார்புரேட்டரின் ஊசித்துளைகளை, கிட்டார் கம்பியிலும் மெல்லிய கம்பியால் துப்புரவாக்கினோம். முதல் உதையிலேயே அது உயிர் பெற்றது என்று எழுத ஆசைதான். என் முழங்கால் கழன்றுபோகும் அளவுக்கு உதைத்த பிறகுதான் பெற்றது.

அந்தச் சத்தம் அடங்கும் முன் வாசலில் வதனி அக்கா நின்றார். கையில் கரியர். வண்டியைப் பார்த்தார். அண்ணையைப் பார்த்தார். கரியரைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போய் பஸ் ஏறிவிட்டார். நாங்கள் அன்றைக்குச் சிப்ஸ் சாப்பிட்டோம். அந்தக் கிழமை முழுக்கச் சிப்ஸ்தான்.

அடுத்த கிழமை அவரே வந்தார். கரியரை மேசையில் வைத்துவிட்டுத் திறக்கவிடாமல் மூடியில் கையை வைத்துக்கொண்டு பேசினார்.

"இஞ்சாருங்கோ, ஓட வேண்டாமெண்டு சொன்னால் ஒளிச்சு ஓடுவியள். அதுக்கு நான் விடமாட்டன். ஓடுங்கோ. ஆனால் முதல் அம்மனிட்டைக் கொண்டு போகவேணும். பிறகு ஒவ்வொரு முறை வெளிக்கிடேக்கையும் என்ரை கையால சந்தனம் குங்குமம் வைப்பன். இது நடுவில நிண்டால் அம்மன் வேண்டாமெண்டு சொல்லுறா எண்டுதான் நான் எடுப்பன். ஒருக்கா நிண்டால் பரவாயில்லை, மிசின்தானே. மூண்டாந்தரமும் நிண்டால் விட்டிடவேணும். நிண்டதோ எண்டு நான் கேப்பன். பொய் சொல்லக்கூடாது."

"சரி" என்றார் அண்ணை. அதன் பிறகுதான் கரியர் திறந்தது.

அப்படியே வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு போனோம். ஐயர் வெளியே வந்து மூன்று சில்லுக்கும் மூன்று எலுமிச்சம்பழம் வைத்தார். ஆட்டோ வாங்கியிருக்கிறார்கள் என்று நினைத்து ஒரு அம்மா எங்களுக்கு வாழ்த்துச் சொன்னார். பந்தய விதிப்படி முன்விளக்கைக் கழற்றியிருந்ததால் பொட்டு வைக்க வண்டிக்கு நெற்றி இல்லாமல் போய்விட்டது. வதனி அக்கா சுற்றிவரப் பார்த்துவிட்டு, பெற்றோல் டாங்கியின் மூடியைத் தெரிந்தெடுத்தார். வட்டமாக, மினுக்கமாக, எல்லாவற்றுக்கும் நடுவில் இருந்தது அதுதான். பன்னீரில் குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார்.

அதன் பிறகு ஞாயிறுகளில் பண்ணைக்காரரின் வயலில் பழகினோம். வெளிக்கிடும்போதெல்லாம் அக்கா வீட்டு வாசலில் வைத்து மூடியில் புதுச் சந்தனம் வைப்பார். வயலுக்குப் போனதும், பெற்றோல் விடும்போது உள்ளே விழக்கூடாது என்று அண்ணை ஒரு துணியால் அதைப் பக்குவமாகத் துடைத்து, துணியைக் கண்ணில் ஒற்றிவிட்டு மடித்து வைப்பார்.

முதல் ஞாயிறு. வண்டி பறந்தது. அறுபதைத் தாண்டிய மனிதர் கால்மிதியில் எழும்பி நின்று திருப்பத்தில் வெளியே சாய்ந்ததைப் பார்க்க எனக்கு உடம்பு புல்லரித்தது. சில சுற்றுகள் போனதும் இஞ்சின் மூச்சு முட்டியது போல விக்கியது. நின்றது. ஓடிப்போனேன். இஞ்சின் நின்றால் எவனும் முதலில் செய்வது பெற்றோல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான். மூடியைத் திறந்தேன். பாதிக்கு மேல் இருந்தது. மூடினேன். உதைத்தேன். உடனே ஸ்டார்ட் ஆனது.

சூட்டில் நின்று, ஆறினால் ஓடுகிறதென்றால் மின்சாரக் கோளாறு என்று படித்தவன் நான். அந்தக் கிழமை பிளக்குக்குப் பொறி கொடுக்கும் காயிலை மாற்றினோம். வயரை மாற்றினோம். அடுத்த ஞாயிறும் அதே கதை: விக்கல், நிற்றல், திறந்து பார்த்தல், மூடுதல், உதைத்தவுடன் ஓடுதல். கார்புரேட்டரைப் பிரித்தோம். ஒன்றுமில்லை. டாங்கியைக் கழற்றிவிட்டு, சேலைன் போத்தல் மாதிரி ஒரு சின்னப் போத்தலில் பெற்றோலைத் தொங்கவிட்டு ஓடவிட்டோம். வேலை முடியும்வரை ஓடியது. டாங்கிக்குள் ஊத்தை என்று அதைக் கழுவினோம். அண்ணை ஜெர்மனில் எண்ணத் தொடங்கி எங்கேயோ தொலைதூரம் போய்விட்டார்.

"கடைசியாய் ஆர் கை வைச்சது? என்ன மாறினது?" என்று தன்னையே கேட்பார். "நாங்கள் ரெண்டு பேர்தானே தம்பி கை வைச்சது?"

"ஓம் அண்ணை, நாங்கள் மட்டும்தான்."

ஒவ்வொரு ஞாயிறு பின்னேரமும் அக்கா கேட்பார்: "நிண்டதோ?" அண்ணை தலையைக் குனிந்துகொண்டு "நிண்டது" என்பார். இரண்டாவது முறை அக்கா நேரே எழும்பினார். சாமியறைக்குள் போனார். பந்தயத்துக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. மறுபடி நின்றால் அவ்வளவுதான். அண்ணை சொன்ன சொல்லை மீறுகிற ஆளில்லை.

மூன்றாம் ஞாயிறு மழை. விழுந்தால் சேறு என்று சொன்னேன், கேட்கவில்லை. வயலின் மறுகரையில் போய் விக்கி நின்றது. நான் சேற்றில் சறுக்கிச் சறுக்கிப் போய்ச் சேர்ந்தேன். கொட்டுகிற மழையில் மூடியைத் திறந்தால் டாங்கிக்குள் தண்ணீர் போகும். அதனால் வண்டியை இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தேன். உள்ளே பெற்றோல் சளக் சளக்கென்றது. உதைத்தேன். ஸ்டார்ட் ஆகவில்லை. திரும்ப உதைத்தேன். இல்லை. அண்ணை உதைத்தார். இல்லை.

இருவரும் மழையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இதுவரை உதைத்தவுடன் ஓடிய வண்டி.

"இண்டைக்கு என்ன மாறினது?" என்று மெல்லக் கேட்டார்.

"மூடியைத் திறக்கேல்லை, அண்ணை."

அவர் கோட்டைக் கழற்றி டாங்கிக்கு மேலே குடை போலப் பிடித்தார். நான் மூடியைத் திருகினேன். ஸ்ஸ் என்று காற்றை உள்ளே இழுத்தது. உதைத்தேன். ஓடியது.

டாங்கியிலிருந்து பெற்றோல் இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். அதற்காக மூடியின் நடுவில் ஒரு ஊசித்துளை இருக்கும். அது அடைபட்டால் பெற்றோல் இறங்காது. நாங்கள் ஒவ்வொரு முறையும் பெற்றோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்தே நோயைச் சுகப்படுத்திக்கொண்டிருந்தோம். பிறகு நோய் எங்கே என்று தேடினோம்.

வண்டியை ஏற்றி வந்த வானுக்குள் போய் இருந்துகொண்டு அண்ணை மூடியை வெளிச்சத்துக்குப் பிடித்தார். துளை வழியாக வெளிச்சம் வரவில்லை. மேற்பக்கம் கண்ணாடி போலத் துடைத்திருந்தது. துளைக்குள்தான் ஏதோ இறுகியிருந்தது. கம்பியால் குத்தினார். கடுகளவு மஞ்சள் கட்டி ஒன்று அவருடைய உள்ளங்கையில் விழுந்தது. மூக்கில் வைத்தார். பிறகு என் மூக்கில் வைத்தார். சந்தனம்.

அக்கா சந்தனத்தை அப்பி வைக்க, அண்ணை பக்தியோடு துடைத்துத் துடைத்து அதைத் துளைக்குள் ஏற்றியிருக்கிறார். புருஷனும் பெண்சாதியுமாகச் சேர்ந்து அடைத்திருக்கிறார்கள். கடைசியாகக் கை வைத்தவர்கள் யார் என்று எண்ணும்போது அக்காவின் கையை நாங்கள் எண்ணவில்லை.

அண்ணை சிரிக்கத் தொடங்கினார். கண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவருடைய முகம் மெல்ல மெல்ல மாறியது.

"என்ன அண்ணை? பிடிச்சாச்சுத்தானே! போய் அக்காவிட்டைச் சொல்லுவம்."

"என்னெண்டு சொல்லுறது? நீர் வைச்ச சந்தனம்தான் நிப்பாட்டினதெண்டோ?" அவர் உள்ளங்கையை மூடிக்கொண்டார். "அவவுக்கு என்னிலை உள்ள பயமெல்லாம் அந்தச் சந்தனத்திலைதான் தம்பி அடங்கிக் கிடக்குது. இனி வைக்காமல் விட்டால் பயப்பிடுவா. வைச்சாலும் பயப்பிடுவா. அவவின்ரை கையில இருக்கிறது அது ஒண்டுதான். அதையும் நான் பறிக்கிறதோ?"

எனக்கு அப்போது அவர் மேல் வந்த அன்பை இன்றைக்கும் அளவிட ஏலாது.

அன்று பின்னேரம் அக்காவுக்கு ஷிப்ட். அடுத்த நாள் கராஜுக்கு வந்தார். "நிண்டதோ?"

"நிண்டது" என்றார் அண்ணை. "ஆனால் காரணம் பிடிச்சாச்சு."

"காட்டுங்கோ."

இத்தனை வருடத்தில் அவர் எத்தனையோ பேருக்குக் காட்டிய வெள்ளைத் துவாய். அதன் மேல் ஒரு காயில் இருந்தது. நாங்கள் முதல் கிழமை கழற்றி வைத்த, ஒரு குறையும் இல்லாத காயில். நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இதுதான் மூண்டு முறையும் நிப்பாட்டினதோ?"

"ஓம்."

அக்கா அதைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். "சாமான் பழுதெண்டால் அது அம்மன்ரை கணக்கில்லை" என்று வைத்தார். எனக்கு மூச்சு வந்தது. "ஆனால் பந்தயத்துக்கு நானும் வாறன். நிக்குதோ ஓடுதோ எண்டு என்ரை கண்ணால பாக்கவேணும்."

அந்தக் கிழமை அண்ணை ஒருவரையும் உதவிக்கு விடவில்லை. டாங்கியைக் காலியாக்கிச் சோப்புத் தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவினார். பெற்றோல் வாடை ஒரு துளி இருந்தாலும் நெருப்புக் காட்ட முடியாது. அதனால் கழுத்துவரை தண்ணீர் நிரப்பினார். கழுத்தில் சின்னத் துளை போட்டு, பேனாக் குச்சியளவு பித்தளைக் குழாயை வைத்துக் காய்ச்சி ஒட்டினார். அதிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாயை ஹாண்டில்வரை ஏற்றி, சேறு போகாதபடி நுனியை வளைத்துக் கட்டினார். கடைசியாக மூடியைத் தலைகீழாகப் பிடித்து, பழைய ஊசித்துளையை உள்பக்கமாக ஒரு சொட்டு ஈயத்தால் அடைத்தார். இனி அதில் எவ்வளவு சந்தனம் அப்பினாலும் இஞ்சினுக்குத் தெரியாது. அவருடைய கையில் நான் பார்த்த வேலைகளில் அதைவிடச் சுத்தமானது வேறு இல்லை.

பந்தயம் அதே கென்ட் பக்கத்தில், அறுவடை முடிந்த இன்னொரு வயலில். ஓட வந்தவர்களில் பாதிப்பேர் முழங்கால் மாற்றியவர்கள். ஆளுக்காள் மாத்திரையின் பெயர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வதனி அக்கா சாரிக்கு மேலே பெரிய கோட்டும் ரப்பர் சப்பாத்துமாக வந்திறங்கினார். அண்ணை ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார். அக்கா சந்தனச் சிமிழைத் திறந்து, விரலால் வழித்து, மூடிக்குக் கிட்டக் கொண்டுபோனார். விரல் அந்தரத்தில் நின்றது.

"தம்பி, இந்தக் குழாய் முந்தி இல்லையே. இது என்னத்துக்கு?"

என்னிடம்தான் கேட்டார். "காத்துப் போக, அக்கா."

"முந்தி எதால போனது?"

நான் ஸ்பானரைத் தேடுவது போலக் குனிந்தேன். ஆனால் பாழாய்ப்போன கண் மூடிப் பக்கம் போய்விட்டது. அக்கா சுத்தமான கையால் அந்தக் குழாயைத் தொட்டுத் தடவி நுனிவரை போனார். பிறகு மூடிக்குத் திரும்பி வந்தார். வார்டில் எத்தனை வருடம் சேலைன் ஏற்றுவதைப் பார்த்திருப்பார்.

"போத்திலிலை காத்துவழி அடைச்சால் மருந்து இறங்காது" என்று தனக்குள் சொன்னார். பிறகு அண்ணையை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நான்தானோ நிப்பாட்டினது? மூண்டு முறையும்?"

அண்ணை ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தள்ளினார்.

"அந்தத் துவாயிலை வைச்சுக் காட்டினது?"

"அது நல்ல காயில்" என்றார் அண்ணை மிகச் சின்னக் குரலில்.

அக்காவின் முகம் சிவந்தது. ஓடுபவர்களை வரச்சொல்லி ஒலிபெருக்கி கூப்பிட்டது. மற்றவர்கள் இஞ்சினை முறுக்கிக்கொண்டு புறப்படும் கோட்டுக்குப் போனார்கள். அண்ணை அசையவில்லை. அவர் கையை ஹாண்டிலிலிருந்து எடுத்ததை நான் பார்த்தேன். அக்கா இறங்கு என்றால் இறங்கிவிடுவார்.

"நான் சந்தனத்தை வேற இடத்திலை வைச்சிருப்பன்தானே" என்றார் அக்கா. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீர் தெரிஞ்செடுத்த இடம் அது" என்றார் அண்ணை. "ஓட்டையை நான் அடைச்சிட்டன். மூடி முழுக்க இனி உமக்குத்தான். எவ்வளவு வேணுமெண்டாலும் வையும்."

"இந்தக் கிழமை முழுக்க வீட்டை பிந்திப் பிந்தி வந்தது இதுக்கோ?"

"ஓம்."

அக்கா அந்தப் பித்தளைக் குழாயைப் பார்த்தார். பிறகு விரலில் காத்திருந்த சந்தனத்தை மூடியில் வைத்தார். அப்பவில்லை, ஒரு வட்டமாக, நிதானமாக வைத்து, நடுவில் குங்குமத்தையும் வைத்தார். இன்னொரு விரல் சந்தனம் எடுத்தார்.

"ஹெல்மெட்டைக் கழட்டுங்கோ."

"கூப்பிடுறாங்கள், வதனி."

"கழட்டுங்கோ எண்டுறன்."

கழற்றினார். அக்கா அவருடைய நெற்றியில் அகலமாக ஒரு பொட்டு வைத்தார்.

"உங்களுக்கு நெத்தியால மூச்சு வாறேல்லைத்தானே?" என்றார். கண் நிறைந்திருந்தது, வாயில் சிரிப்பு. "போயிட்டு வாங்கோ."

பொட்டு அழியக்கூடாது என்று அண்ணை ஹெல்மெட்டைத் திரும்பப் போடப் பட்ட பாட்டில் கோட்டுக்குப் பிந்திப்போனார். எல்லாரும் புறப்பட்ட பிறகுதான் அவர் புறப்பட்டார். அக்கா பார்ப்பவர்களுக்குத் தடுப்பாகக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு, முதல் திருப்பத்தில் கண்ணை மூடினார். அதன் பிறகு மூடவே இல்லை.

அண்ணை போய்விட்டு வந்தார். கடைசி ஆளுக்கு முந்தின ஆளாக, ஓரிடத்திலும் நிற்காமல்.